காசோலையில் எழுதிய பெயர்

எங்கள் குலதெய்வம் வைத்தீசுவரன்கோயில் வைத்தியநாத சுவாமி. என் பாட்டனாருக்கு அந்தத் திருநாமம். மூத்த பேரன் என்பதால் எனக்கும் அதையே சூட்டினார்கள். ஆனால் மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லலாகாது என்பது அக்கால வழக்கம். ஆகவே என் தாயார் என்னை ஒருநாளும் அப்பெயரால் அழைத்ததில்லை. 'துரைசாமி' என்பார். வீடும் தெருவும் அவ்வாறே அழைத்தன. பள்ளிப் பதிவேட்டிலும், பின்னர் வங்கிக் கணக்கிலும் மட்டுமே நான் வைத்தியநாதன்.

தாயார் இறுதிக் காலத்தில் என் தம்பியின் வீட்டில் இருந்தார். அவர் சிவபதம் அடைந்த பின், காரியங்கள் முடிந்த அன்று, உறவினர் நடுவே நான் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டேன். "அம்மாவின் அஞ்சலகச் சேமிப்புக்குக் கணக்கு எங்கே?" என்று கேட்டேன். தம்பி மறுமொழி கூறவில்லை. அன்று முதல் எங்களுக்குள் பேச்சு நின்றது.

ஓராண்டுக்குப் பின் பதிவுத் தபாலில் ஓர் உறை வந்தது. உள்ளே இரண்டு தாள்கள். ஒன்றில் வரவும் செலவும் பைசா பிசகாமல் எழுதப்பட்டிருந்தன. மருந்துச் செலவு முழுவதையும் தம்பி தன் பங்கில் எழுதிக்கொண்டிருந்தான். மற்றொன்று, சேமிப்பில் சரிபாதியான 46,500 ரூபாய்க்குக் காசோலை. நலம் விசாரித்து ஒரு வரியும் இல்லை. காசோலையில் இருந்த பெயரை நான் சரியாகப் பார்க்கவும் இல்லை.

கும்பகோணத்தில் நான் கணக்கு வைத்திருக்கும் வங்கிக்குச் சென்று அதைச் செலுத்தினேன். முகப்பில் இருந்த இளம்பெண் உற்றுப் பார்த்துவிட்டு, "ஐயா, இதில் துரைசாமி என்று இருக்கிறதே! உங்கள் கணக்கு வைத்தியநாதன் பெயரில் அல்லவா?" என்றாள்.

"இரண்டும் நான்தான் அம்மா. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்" என்றேன்.

அவள் பொறுமையாக விளக்கினாள். இக்காலத்தில் காசோலைத் தாள் ஊர் ஊராகப் பயணம் செய்வதில்லையாம். அதன் படம் மட்டுமே பணம் கொடுக்க வேண்டிய வங்கிக்குச் செல்கிறதாம். ஆகையால் பெயரையோ தொகையையோ அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையொப்பம் இட்டாலும் ஏற்க மாட்டார்களாம். "எழுதியவரிடம் புதிய காசோலை வாங்கி வாருங்கள், ஐயா. இது, தேதியிட்ட நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும்" என்று கூறித் திருப்பித் தந்தாள்.

புதிய காசோலை வாங்குவதென்றால் தம்பியிடம் பேச வேண்டும். அதற்கு என் மனம் இசையவில்லை. காசோலையைப் பூசை அறையில் விபூதி மடலின் கீழ் வைத்தேன். காலாவதியானால் ஆகட்டும், பணம் போனால் போகட்டும் என்று வீறாப்பாக இருந்தேன். இரண்டு மாதங்கள் சென்றன.

ஒரு பிரதோஷத்தன்று கும்பேசுவரர் சந்நிதியில் தரிசனம் செய்து திரும்புகையில், மண்டபத்தில் ஒரு பெரியவர் திருமுகப் பாசுரத்தின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். பதினோராம் திருமுறையின் முதற்கண் உள்ள அப்பாசுரம், ஆலவாய் இறைவனே சேரமான் பெருமாள் நாயனாருக்கு எழுதிய திருமுகம். யாழ் வல்ல பாணபத்திரருக்குப் பொருள் கொடுத்தனுப்புமாறு அதில் பணித்தார். சேரமான் அதைத் தலைமேல் தாங்கி, தம் கருவூலம் முழுவதையும் பாணர் முன் வைத்தார். பாணரோ தமக்கு வேண்டிய அளவே எடுத்துக்கொண்டார்.

பலமுறை கேட்ட வரலாறுதான். அன்று வேறொன்று உறைத்தது. பாணருக்குப் பொருள் தர விரும்பிய இறைவன் மதுரையிலேயே தந்திருக்கலாமே! ஓர் ஓலையை எழுதி, ஓர் அடியாரை மற்றோர் அடியாரிடம் ஏன் நடக்கவிட வேண்டும்? பொருள் ஒரு சாக்கு. இருவரும் ஒருவரையொருவர் காண்பதே பயன் என்று எனக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்து காசோலையை எடுத்துப் பார்த்தேன். தம்பியின் குண்டு குண்டான எழுத்து. தாயார் அழைத்த பெயர். அவர் போனபின் அப்பெயரால் என்னை அழைப்பவர் எவரும் இல்லை. கணக்கும் தொகையுமாக வந்த அந்த உறையில் உறவாக இருந்தது அந்த ஒரு சொல்தான். அதைத்தான் நான் பிழை என்று எண்ணி மூடி வைத்திருந்தேன்.

அன்றிரவே தொலைபேசியில் அழைத்தேன். "காசோலையில் பெயர் தவறாக இருக்கிறதப்பா" என்றேன். சற்று நேரம் அமைதி. "வைத்தியநாதன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அண்ணா. கை பழக்கத்தில் எழுதிவிட்டது" என்றான். "நானும் அன்று கணக்குக் கேட்டிருக்கக் கூடாது. அதை மன்னித்துவிடு" என்றேன். அவனால் பேச முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

மறுவாரம் புதிய காசோலையுடன் அவனே வந்தான். அது தடையின்றிக் கணக்கில் சேர்ந்தது. அப்பணத்தில் வைத்தீசுவரன்கோயிலில் தாயார் நினைவாக அன்னதானத்திற்குச் செலுத்தினோம். தையல்நாயகி சந்நிதியில் அர்ச்சகர் பெயரும் நட்சத்திரமும் கேட்டபோது, எனக்காகத் தம்பி முந்திக்கொண்டு, "துரைசாமி, உத்திர நட்சத்திரம்" என்றான். நான் திருத்தவில்லை.

காசோலை எழுதும்போது வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயரைப் பார்த்தே எழுதுங்கள். வங்கிக்கு அது வேண்டும். ஆயிரம் திருநாமங்களில் எதைச் சொல்லி அழைத்தாலும் செவிசாய்ப்பவனுக்கு நாம் யார் என்பது தெரியும். உடன்பிறந்தாரோடு பேசாதிருக்கும் அன்பர் யாரேனும் இதைப் படித்தால், எழுத்துப் பிழை ஒன்று வந்து அழைக்கும் வரை காத்திராமல், இன்றே பேசிவிட வேண்டுகிறேன்.