சூட்டு வலி

தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த 108 வண்டி சீமாங் அவசரப் பிரசவப் பிரிவு வாசலில் பின்வாங்கி நின்றது. உள்ளே இருந்தவளுக்கு எட்டு மாதம் இருக்கும். வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்கள் இரண்டு கையிலும் நிறைந்திருந்தன. ஒருக்களித்துக் கிடந்தவள் கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

தங்கையின் பிரசவத்துக்காக எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். திரை முழுசாக மூடாததால் அந்தக் கட்டில் தெரிந்தது.

"வலி எப்பம்மா வந்துச்சு?"

"விடிகாலையில டாக்டரம்மா. சூட்டு வலின்னு நெனச்சு சீரகத் தண்ணி வெச்சுக் குடுத்தேன். ரத்தமும் லேசாத்தான் பட்டுச்சு" என்றார் மாமியார்.

லேசுதான். சேலையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்த கறை. டாக்டரம்மா அதை ஒரு பார்வை பார்த்ததோடு சரி. வயிற்றில் வைத்த கையைத்தான் எடுக்கவில்லை. பிரசவ வலியில் வயிறு இறுகும், அப்புறம் தளரும். இது பலகையாக இறுகியது, இறுகியபடியே இருந்தது. நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரை விட்டுப் பெயர்ந்து, வெளியே வர வழியில்லாத ரத்தம் பின்னாலேயே தேங்கிக்கொண்டிருந்தது. பிரஷர் 160/110. குழந்தையின் துடிப்பு 110-க்குக் கீழே இறங்கக் கூடாது. கருவி 80 காட்டியது.

"போன வாரம் ஸ்கேன்ல எல்லாம் நல்லாருக்குன்னாங்களே மேடம்?" என்றான் கணவன்.

போன வாரம் நன்றாகத்தான் இருந்திருக்கும். இப்போதே எடுத்தாலும் பல சமயம் ஸ்கேனில் இது சிக்காது. யாரும் ஸ்கேன் அறைப் பக்கம் போகவில்லை. தியேட்டருக்குத் தள்ளினார்கள். ஆயாம்மா சோப்புத் தண்ணீர் விட்டு வளையல்களை உருவ, "உடைச்சிராதீங்க தாயி" என்று கூடவே ஓடினார் மாமியார். அந்த நேரத்திலும் அது ஒரு கவலை.

ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தத்தை விட்டு, உள்ளங்கைச் சூட்டில் பொத்திக்கொண்டு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். சாய்த்தார், ஓடியது. ஏழாவது நிமிடமும் ஓடியது. பத்தாவது நிமிடமும் தண்ணியாகவே. உறைவதற்கு வேண்டியதையெல்லாம் உள்ளே சேர்ந்த கட்டி தின்றுவிட்டது போல. "மேடம், கிளாட் ஆகல!" என்று குழாயோடு ஓடினார்.

குழந்தையைத் துணியில் சுருட்டிப் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. பிளாஸ்மாவும் ரத்தமும் இன்னும் வேண்டும் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா உள்ளே போனார். கணவன் போனை எடுத்தான்.

"டேய் மாப்ள, ஓ பாசிட்டிவ் யார் யாருடா? எல்லாரும் வண்டிய எடுத்துட்டு உடனே வாங்க."