செய்தி இல்லாத நாள்

1930ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள், புனித வெள்ளி. இரவுச் செய்தியைக் கேட்பதற்காகப் பிரித்தானிய மக்கள் வானொலிப் பெட்டிகளின்முன் அமர்ந்திருந்தனர். இன்று செய்தி ஏதும் இல்லை என்று பிபிசி அறிவிப்பாளர் கூறினார். எஞ்சிய நேரத்தைப் பியானோ இசை நிரப்பியது. நாள் முழுவதும் 'சற்றுமுன் வந்த செய்தி'களில் மூழ்கியிருக்கும் நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். சொல்வதற்கு ஒன்றும் இல்லாதபோது அதனை ஒப்புக்கொள்வதும் ஒருவகை நேர்மையே என்பது என் எண்ணம்.

சில ஆண்டுகளுக்குமுன் லண்டனில் ஒரு திங்கள் தங்கியிருந்தேன். பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாரார். தூறல் விழத் தொடங்கினால் மட்டும் வாய் திறப்பர். "மழை வந்துவிட்டதல்லவா?" என்பது அங்கே வினா அன்று, வணக்கம். அதற்கு உடன்பட்டுத் தலையசைப்பதே முறை. குடைகள் உரசிக்கொண்டால், உரசியவரும் உரசப்பட்டவரும் ஒருசேர மன்னிப்புக் கேட்பர். வரிசையில் நிற்பதோ அவர்களுக்கு ஒரு நோன்பு. ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் மிகேஷ் 1946இல் எழுதிய நூலொன்றில் இப்பழக்கங்களை எல்லாம் கேலி செய்தார். அந்நூலை விரும்பி வாங்கிப் படித்துச் சிரித்தவர்கள் ஆங்கிலேயர்களே!

வானிலை மீதான அவர்களது ஈடுபாட்டுக்கு வானொலியே சான்று. கப்பல்களுக்கான வானிலை அறிவிப்பில் டாகர், ஃபிஷர், ஜெர்மன் பைட் என 31 கடற்பகுதிகளின் பெயர்கள் நிதானமாக வாசிக்கப்படுகின்றன. கப்பலில் கால் வைத்தறியாதவர்களும் நள்ளிரவில் போர்வைக்குள் படுத்தபடி இதனைத் தாலாட்டாகக் கேட்கின்றனர். இத்தாலாட்டின் பின்னே ஒரு துயரம் உண்டு. 1859ஆம் ஆண்டுப் புயலில் ராயல் சார்ட்டர் என்னும் கப்பல் வேல்சு நாட்டுக் கரையில் மோதி உடைந்தது; நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின், ராபர்ட் ஃபிட்ஸ்ராய் என்னும் கடற்படை அதிகாரி 1861இல் புயல் எச்சரிக்கை முறையைத் தொடங்கினார். அவருடைய கணிப்புகள் பொய்த்தபோது செய்தித்தாள்கள் நகையாடின. 2002இல் ஒரு கடற்பகுதிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. நகையாடியவர் பெயர்களை இன்று யார் அறிவார்?

அடுத்தது தேநீர். 1990ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள், உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் இங்கிலாந்து மேற்கு செருமனியிடம் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் துயரத்தை ஆற்றிக்கொள்ள நாடே எழுந்து மின்கெண்டியை இயக்கியது. மின்தேவை திடீரென ஏறத்தாழ 2,800 மெகாவாட் உயர்ந்தது. இத்தகைய நெருக்கடிகளுக்கு உதவுவதற்காகவே வேல்சில் டினோர்விக் என்னுமிடத்தில், மலையைக் குடைந்து அமைக்கப்பட்ட நீர்மின் நிலையம் சில நொடிகளில் மின்சாரம் தருகிறது. மின்துறையினர் அங்கே தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரலையும் கருத்தாகப் படிக்க வேண்டியுள்ளது.

இவ்வளவு ஒழுங்குடைய நாட்டைத் தொலைக்காட்சி ஒருமுறை ஏமாற்றியது. 1957 ஏப்ரல் முதல் நாள், பிபிசியின் 'பனோரமா' நிகழ்ச்சியில், சுவிட்சர்லாந்துப் பெண்கள் மரக்கிளைகளிலிருந்து ஸ்பகெட்டியைப் பறித்து வெயிலில் உலர்த்தும் காட்சி ஒளிபரப்பாயிற்று. கோதுமை மாவினால் செய்யப்படும் அவ்வுணவு அந்நாளில் ஆங்கிலேயருக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. விளக்கவுரை தந்தவரோ மக்கள் பெரிதும் மதித்த ரிச்சர்ட் டிம்பிள்பி. அம்மரத்தை வளர்ப்பது எப்படி எனப் பலர் தொலைபேசியில் கேட்டனர்.

இதில் ஏமாந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பது எளிது. அவர்கள் ஏன் ஏமாந்தனர் என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பு அடங்கும். அக்குரல் தம்மிடம் பொய் சொல்லாது என்று அவர்கள் நம்பினர். பல்லாண்டு உண்மை பேசிச் சேர்த்த நம்பிக்கையின் வட்டியிலிருந்துதான் அன்று ஒரு நகைச்சுவைக்குச் செலவு செய்யப்பட்டது. முதலையே எடுத்துச் செலவழித்தால் என்னவாகும்? இன்று நம் கைப்பேசிக்கு ஒவ்வொரு நாளும் ஏப்ரல் முதல் நாளாகவே விடிகிறது. புயல் வருகிறது என்ற மெய்யான எச்சரிக்கையும் அதே திரையில்தான் வரும். அப்போது மக்கள் அதனை நம்பிக் கரைசேர வேண்டுமானால், மற்ற நாள்களில் அத்திரையில் நாம் எதனைப் பரப்புகிறோம் என்பதில் கருத்தாக இருத்தல் வேண்டும்.