ஊட்டிக்கு 36 படம்

பத்து வருஷமாக டிஜிட்டல் கேமராவில் ‘சடசட’வென்று எடுத்துத் தள்ளியவன் நான். ஒரு கல்யாணத்துக்குப் போனால் ஆயிரம் படம். அதில் பந்தி மட்டுமே நூறு தேறும். இந்தத் தடவை ஊட்டிக்கு அப்பாவின் பழைய யாஷிகா, கறுப்பு-வெள்ளை ரோல் ஒன்று... அவ்வளவுதான். மொத்தம் 36 படம். (ரோல் என்ன விலை என்று வீட்டில் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்!)

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினேன். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரப் பாதை. நீராவி இன்ஜின் பின்னாலிருந்து மூச்சு வாங்கத் தள்ளுகிறது. பழைய பழக்கமாக இருந்தால் குன்னூருக்குள் முந்நூறு படம் ஆகியிருக்கும். இப்போதோ ஒவ்வொரு வளைவிலும், ‘இது வேணுமா?’ என்று கை கஞ்சத்தனம் பண்ணியது. குன்னூர் வரை நாலே படம். ஆனால், பெட்டிக்குப் பெட்டி கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன்களை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன்.

நான் போனது ரோஜாத் தோட்டத்துக்காக இல்லை, இந்து நகருக்காக. 1960-ல் ஆரம்பித்த அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்த இடம். 1967-லிருந்து ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் தயாரித்தார்கள். தூசு இல்லாத குளிர்க் காற்று அந்த வேலைக்குத் தோது. கறுப்பு-வெள்ளையைக் கலர் வந்து அடித்தது. மிச்சத்தை டிஜிட்டல் பார்த்துக்கொண்டது. ஆலை மூடியாயிற்று.

பக்கத்து டீக்கடையில் ஒரு பெரியவர் என் கேமராவையே பார்த்தார். அங்கே வேலை செய்தவராம்.

“என்ன ரோல் தம்பி?”

“இங்கிலாந்து ரோலுங்க ஐயா.”

“ஊட்டிக்கே வெளியூர் கேரட்டா?” என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. “பிலிம்ல மருந்து பூசற இடம் கும்மிருட்டு தம்பி. காலடிச் சத்தத்த வெச்சுதான் யாருன்னு கண்டுபிடிப்போம். இப்பவும் கரண்ட் போனா வீட்டுல எல்லாரும் தடுமாறுவாங்க, நான் மட்டும் நடப்பேன்.”

ரோலில் மிச்சம் ஒரே படம். பனி விலகும்வரை காத்திருந்து அவரை எடுத்தேன். “காட்டு, பார்க்கலாம்” என்று அவர் கேட்கவில்லை. பிலிம் டப்பா அட்டையில் விலாசம் எழுதிக் கொடுத்தார்.

“மேட் பேப்பர்ல போடு. பளபளா வேண்டாம்.”

மூணு வாரம் கழித்துக் கழுவி வந்தது. அவர் கண்ணை மூடியிருந்தார். மேட் பேப்பரில் போட்டே அனுப்பி வைத்தேன்.