எல்லாக் கணினிக்கும் ஒரே கடவுச்சொல்

பினாங்கின் ஜார்ஜ்டவுன் பீச் ஸ்ட்ரீட்டில், ஒரு சரக்குக் கப்பல் முகவர் அலுவலகத்தின் கணினிகள் பல ஆண்டுகள் என் பொறுப்பில் இருந்தன. அத்தனை கணினிகளிலும் நிர்வாகிக் கணக்குக்கு ஒரே கடவுச்சொல்லை வைத்தவன் நான். ஆபத்து தெரியாமல் வைக்கவில்லை.

எல்லாக் கணினிகளுக்கும் அமைப்புகளை அனுப்பும் குரூப் பாலிசி என்ற விண்டோஸ் வசதி வழியாக, நான் செய்ததுபோல், அனுப்பும் கடவுச்சொல்லை நெட்வொர்க்கில் கணக்குள்ள எவரும் எடுத்துவிடலாம் என்று 2014 மே மாதமே மைக்ரோசாஃப்ட் எச்சரித்தது. அதைப் பூட்டும் சாவியை அந்த நிறுவனமே முன்பு வெளியிட்டிருந்தது. அந்தக் கடவுச்சொல் இருந்த பழைய கோப்பை நாம்தான் அழிக்க வேண்டும், நான் அழிக்கவில்லை. அடுத்த ஆண்டு மைக்ரோசாஃப்டின் லேப்ஸ் என்ற கருவி இலவசமாக வந்தது. கணினிக்கொரு கடவுச்சொல், வழக்கமாக 30 நாளுக்கொரு மாற்றம். அதையும் தள்ளிப்போட்டேன். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீநிரல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை முடக்கி, மும்பை அருகே உள்ள துறைமுக முனையம் வரை நிறுத்தியது. ஒரு கணினியின் நினைவகத்திலிருந்து திருடிய கடவுச்சொற்களைக் கொண்டும் அது அடுத்த கணினிக்குத் தாவியது. எங்கள் தொழிலிலேயே விழுந்த அடி. அப்போதும் நான் மாற்றவில்லை.

காரணம் என் வசதிதான். பட்டர்வொர்த் கிடங்கிலிருந்து யாராவது அழைத்தால், கடவுச்சொல்லைத் தொலைபேசியிலேயே சொல்லி வேலையை முடித்துவிடுவேன். நாளடைவில் பாதி அலுவலகத்துக்கு அது தெரிந்துவிட்டது.

ஒருநாள் கணக்குப் பிரிவின் கணினியிலிருந்து சம்பளக் கோப்பை யாரோ நெட்வொர்க் வழியே எடுத்துவிட்டார்கள். பதிவில் இருந்த பெயர் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’. வந்த இடம், எல்லோரும் பயன்படுத்தும் முகப்புக் கணினி. அன்று அங்கே அதிக நேரம் உட்கார்ந்திருந்தவன் என்னிடம் பயிற்சிக்கு வந்த பையன். “நான் தொடலண்ணே” என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னான். அந்தக் கடவுச்சொல் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதை நான் ஒருவன் சொல்லியிருந்தால் போதும், சந்தேகம் அவன்மேல் மட்டும் விழுந்திருக்காது. வாய் திறக்கவில்லை. அவனை அனுப்பிவிட்டார்கள்.

லேப்ஸை முறையாக அமைத்து, தணிக்கைப் பதிவையும் இயக்கியிருந்தால், எந்தக் கணினியின் கடவுச்சொல்லை யார் எடுத்துப் பார்த்தார் என்பது பெயரோடு பதிவாகியிருக்கும். இதை எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

பின்னர் லேப்ஸை நிறுவினேன், பழைய கோப்பை அழித்தேன், முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். பையனைத் தேடிப் போய் அவனிடமும் சொன்னேன். “அப்பவே சொல்லியிருக்கலாமேண்ணே” என்றான். என் வேலை போய்விடும் என்று பயந்தேன் என்றேன்.