முன்பணம்

2008 செப்டம்பர் கடைசியில் 'பண்டோரா' என்ற கையடக்க விளையாட்டுக் கணினிக்கு முன்பதிவு தொடங்கியது. விலை 330 அமெரிக்க டாலர். நம் காசுக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல். பகுதிநேர வேலையில் சேர்த்த பணம் கையில் இருந்தது. ஆனாலும் நான் கட்டவில்லை. 'முதல்ல வரட்டும், பாப்போம்' என்று இருந்துவிட்டேன்.

கொரியாவின் ஜிபி2எக்ஸ் கருவியை விற்றும் அதற்கு நிரல் எழுதியும் வந்த சிலர் கூடிச் செய்த கணினி அது. மடித்தால் சட்டைப்பை அளவு. திறந்தால் விசைப்பலகை, உள்ளே லினக்ஸ். எதை நிறுவவும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். மாமாக் கடையில் தே தாரிக் ஆறிப்போகும்வரை நண்பர்களிடம் அதன் புகழ் பாடியிருக்கிறேன்.

முதல் சுற்றில் 4000 கருவிகள். சிக்கலே அந்த எண்ணிக்கைதான். பிளாஸ்டிக் உறைக்கான அச்சுக்கு முதலிலேயே பெரும் பணம் கொடுக்க வேண்டும். அதை நாற்பது லட்சம் கருவிகளில் பகிர்ந்தால் தெரியாது; 4000இல் பகிர்ந்தால் ஒவ்வொன்றின் தலையிலும் விழும். ஒரு பாகம் சொதப்பினாலும் எல்லாம் நிற்கும். முதல் கருவிகள் 2010 மே மாதம்தான் வெளியே போயின. அதற்குள் கைப்பேசியே விளையாட்டுக் கருவியாகிவிட்டது. வாரிசான 'பைரா'வுக்கு 2016இல் முன்பதிவு. அனுப்பத் தொடங்கியது 2020 இறுதியில்.

2022இல் 'ஸ்டீம் டெக்' அதே லினக்ஸோடு வந்து நன்றாக விற்றது. அதற்குப் பின்னால் வால்வ் நிறுவனத்தின் விளையாட்டுக் கடை இருந்தது. கருவியில் லாபம் குறைந்தாலும் விளையாட்டுகளை விற்று ஈடுகட்டலாம். பண்டோராவுக்குப் பின்னால் இருந்தது முன்பணம் கட்டியவர்களின் பொறுமை மட்டும்தான்.

போன மாதம் அதே மாமாக் கடையில், சிற்றிதழ் நடத்தும் அண்ணன் ஒருவர் சந்தா கேட்டார். 300 பிரதி போடுகிறாராம்.

"வரட்டும்ணே, வந்ததும் வாங்கிக்கிறேன்."

"எல்லாரும் அதத்தான் சொல்றீங்க தம்பி. அச்சகத்துல முன்னாடியே காசு கேக்குறாங்களே" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பண்டோராவுக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தவர்களை அன்று ஏமாளிகள் என்று நினைத்தேன். அவர்கள் கட்டியிராவிட்டால் ஒரு கருவிகூட வந்திருக்காது. என்னைப் போன்ற ரசிகர்களை மட்டும் நம்பியிருந்தால் அந்தக் கணினி வரைபடமாகவே கிடந்திருக்கும்.

அன்றிரவே இரண்டு வருடச் சந்தா அனுப்பினேன். இதழ் எப்போது வரும் என்று இன்னும் கேட்கவில்லை.