மேம்பாலத்தில் பிடிக்கும் வலி

காட்பாடியில் நெஞ்சுவலி பார்க்கும் டாக்டர் எவருக்கும் ரயில்வே மேம்பாலம் பழக்கமான பெயர். "பாலம் ஏறும்போது நெஞ்சைப் பிடிக்குது சார். கொஞ்சம் நின்னுட்டு நடந்தா அப்புறம் பிடிக்கிறதில்ல. வாயுதானே?" ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் அம்மாவும் இதைத்தான் கேட்பார், ஓய்வுபெற்ற வாத்தியாரும் இதைத்தான் கேட்பார்.

வாயு இல்லை. முதல் ஏற்றத்தில் வலித்து, நின்று, மறுபடி நடக்கையில் வலி விலகினால், இதயம் ரத்தப் பற்றாக்குறைக்குத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது என்று பொருள். இதற்குக் காரணங்கள் பல. ஆனால் இந்த மாதிரியான தற்காப்பை ஆய்வுக்கூடத்தில் தேடியவர்களுக்கு முதலில் அகப்பட்ட பொருள் அடினோசின்.

இதயத் தசை ஏடிபி என்கிற எரிபொருளைச் செலவழித்துத் துடிக்கிறது. ரத்தம் குறைந்தால் ஏடிபி உடைகிற வேகத்துக்கு மறுபடி உருவாவதில்லை. உடைந்து உடைந்து கடைசியில் அடினோசின் மிஞ்சுகிறது. அது செல்லுக்கு வெளியே கசிந்து, பக்கத்து ரத்தக்குழாயை விரிக்கிறது, துடிப்பைத் தணிக்கிறது, அட்ரினலினின் விரட்டலை மட்டுப்படுத்துகிறது. வரும்படி குறைந்த வீட்டில் செலவைச் சுருக்கி, கைமாற்றும் வாங்கி வருகிற ஆள் மாதிரி. நெஞ்சில் அந்த வலியை எழுப்புவதிலும் இதற்குப் பங்கு உண்டு. காப்பாற்றுகிற பொருளே கூப்பாடும் போடுகிறது என்பது இத்தனை வருஷம் கழித்தும் எனக்குப் பெரிய வியப்பு.

1929இல் கேம்பிரிட்ஜில் ட்ரூரியும் சென்ட்-ஜார்ஜியும் இதயத் தசைச் சாற்றிலிருந்த இந்தப் பொருள் துடிப்பைக் குறைப்பதைக் கண்டார்கள். 1986இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மரி, ஜென்னிங்ஸ், ரெய்மர் மூவரும் நாய்களின் இதயக் குழாய் ஒன்றை ஐந்தைந்து நிமிஷமாக நான்கு தடவை அடைத்துத் திறந்தார்கள். பிறகு 40 நிமிஷம் அடைத்தார்கள். இந்தக் குட்டி அடைப்புகளின் முன்பயிற்சி இல்லாத நாய்களோடு ஒப்பிட்டால் செத்த தசை கால் பங்குதான். 1991இல் டௌனி குழுவினர் முயல்களில் அடினோசின் வந்து ஒட்டும் ஏற்பிகளை மருந்தால் மூடினார்கள்; அந்தப் பாதுகாப்பு காணாமல் போனது.

இதே அடினோசினை ஊசியாகவும் போடுகிறோம், இதயம் திடீரென்று தறிகெட்டு ஓடும்போது. முழங்கை மடிப்பில் பெரிய நரம்பாகப் பார்த்து 6 மில்லிகிராமைச் சட்டென்று ஏற்றி, அந்த நொடியே 20 மில்லி சலைனைத் தள்ளி, கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ரத்தத்தில் அதன் பாதி ஆயுள் பத்து விநாடிகூட இல்லை. மெதுவாகப் போட்டால் இதயத்தைத் தொடுமுன் தீர்ந்துவிடும். மானிட்டரில் கோடு சில விநாடி நீளமாகப் படுத்துக் கிடக்கும். "நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கும், உடனே சரியாயிடும், நான் பக்கத்துலயே இருக்கேம்மா" என்று முன்கூட்டியே சொல்லாமல் நான் ஊசியைத் தொடுவதில்லை. டீயும் காபியும் டெரிஃபில்லின் மாத்திரையும் இதே ஏற்பிகளை மறிப்பவை. அதனால் அடினோசின் ஏற்றி எடுக்கும் இதய ஸ்கேனுக்கு வருகிறவர்கள் முந்தைய நாளிலிருந்தே அவற்றை நிறுத்தியாக வேண்டும்.

மாரடைப்புக்கும் இதையே மருந்தாகக் கொடுத்தால்? 2005இல் வெளியான அமிஸ்டாட்-2 ஆய்வில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். கூடுதல் அளவு பெற்றவர்களிடம் தசைச் சேதம் குறைந்தது. சாவும் இதயச் செயலிழப்பும் குறிப்பிடும்படி குறையவில்லை. என் எண்ணம் இது: இதயம் அடைப்புக்கு முன்பே, தனக்கு வேண்டிய இடத்திலேயே இதை உண்டாக்கிக்கொள்கிறது. நாங்கள் வெகுநேரம் கழித்து, கை நரம்பு வழியாக அனுப்புகிறோம்.

டியூக் ஆய்வின் இன்னொரு பாதியை நோயாளிகளிடம் நான் விடாமல் சொல்கிறேன். அடைப்பை 40 நிமிஷத்துக்குப் பதில் மூன்று மணி நேரம் நீட்டியபோது, முன்பயிற்சி பெற்ற நாய்களுக்கும் பெறாதவற்றுக்கும் சேதத்தில் வித்தியாசமே இல்லை. இந்தத் தற்காப்பு கொஞ்ச நேரத்துக்குத்தான். அதனால் பாலத்தில் நின்றதும் விடுகிற வலிக்கு அந்த வாரத்திலேயே ஈசிஜியும் டிரெட்மில்லும் பார்க்க வேண்டும். நின்றும் விடாத வலிக்கு சோடாவும் ஜெலுசிலும் குடித்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே 108ஐக் கூப்பிட வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே தெரியாமலும் போகலாம். மூச்சு வாங்கி, வேர்த்துக் கொட்டினாலே கிளம்பிவிடச் சொல்கிறேன்.