கலவான லயத்தில் ஒரு பலகைப் பாதை

இரத்தினபுரியிலிருந்து நிவித்திகல, கரவிட்ட வழியாகக் கலவானவுக்குச் செல்லும் பாதை மலைச்சரிவுகளைச் சுற்றிச் சுற்றியே போகின்றது. ஒரு வளைவில் தேயிலை, அடுத்த வளைவில் இறப்பர், இடையிடையே கித்துள் மரங்கள். பள்ளத்து வயல்களில் இரத்தினக்கல் தோண்டும் குழிகளுக்கு மேல் சிறு கூரைகள். கலவானவைத் தாண்டி வெத்தாகல பக்கம் போனால் சிங்கராஜ வனம் தொடங்கிவிடும். 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட அந்த மழைக்காட்டின் அயலூர் என்பதால், இங்கு குடையில்லாமல் எவரும் வெளியே இறங்குவதில்லை. 2017 மே மாத வெள்ளத்திலும் மண்சரிவிலும் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் இதுவும் ஒன்று.

இந்தப் பக்கத்தை வன்னியில் இருந்து வாசிக்கும் சகோதரிகள் சிலருக்கு இந்த மலைகள் புதியவை அல்ல. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களின் போது இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடிய குடும்பங்கள் பல. அம்மம்மா சொன்ன பீலித் தண்ணீரும் இஸ்தோப்பும் இன்னும் இங்கே அப்படியேதான் இருக்கின்றன.

நாம் சென்ற லயத்தில் சக்கர நாற்காலியில் வாழும் ஓர் அக்கா இருக்கிறார். முதுகெலும்பில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. எப்படி அடிபட்டது என்று எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நாற்காலி எங்கிருந்தோ இலவசமாகக் கிடைத்தது. கொடுத்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஆனால் இஸ்தோப்புக்கும் முற்றத்துக்கும் இடையில் ஓர் அடி உயரம், அதற்குக் கீழே மழைநீர் ஓடும் கான், அதற்கப்பால் சேறு. ஆகவே நாற்காலி பல மாதம் உள்ளேயே மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதில் உடுப்புக் காய்ந்தது.

தேநீர் ஊற்றித் தந்தவர் தான் குடிக்கவில்லை. ஏன் என்று கேட்டோம்.

"குடிச்சா போகணும் தங்கச்சி. போகணும்னா மகளைக் கூப்பிடணும். அவ மலையில கொழுந்து எடுக்கிறா. அதான் காலையில இருந்து சாயந்திரம் வரைக்கும் தண்ணி படுறதில்ல."

இதை நாம் மாங்குளத்திலும் கேட்டிருக்கிறோம், மட்டக்களப்பிலும் கேட்டிருக்கிறோம். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் நீரைக் குறைத்தால் சிறுநீர்த் தொற்று வரும், கல் உண்டாகும், நாளடைவில் சிறுநீரகமே பழுதாகலாம். பிறரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற வெட்கத்தினால் எங்கள் பெண்கள் தங்கள் உயிரையே குறைத்துக்கொள்கிறார்கள். வாசலில் இருந்து மலசலகூடம் வரையுள்ள இருபது யார் தூரம் அற்ப விடயம் அல்ல என்பதற்காகவே இவ்வளவையும் எழுதுகிறோம்.

சரி, படியை உடைத்துச் சீமெந்தில் சரிவு கட்டிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். லயம் தோட்டத்துக்குச் சொந்தமானது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தாலும் சுவரை இடிக்கவோ படியை உடைக்கவோ தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். முகாமிலும், தற்காலிகக் கொட்டிலிலும், வாடகை வீட்டிலும் இருந்த சகோதரிகளுக்கு இந்தத் தயக்கம் நன்கு தெரியும். நமதல்லாத வீட்டில் எதைக் கட்டுவது? அக்காவும் அவருடைய தம்பியும் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். கட்டடத்தைத் தொடாமல், கழற்றி எடுத்துக்கொண்டு போகக்கூடியதாகவே எல்லாவற்றையும் செய்திருந்தார்கள்.

சரிவுப் பாதைக்கு ஒரு கணக்கு உண்டு. ஓர் அங்குலம் உயர்வதற்கு பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் பின்னால் ஒருவர் தள்ள வேண்டும், தனியே ஏற முடியாது. ஓர் அடிப் படிக்குப் பன்னிரண்டு அடிப் பலகை. அவ்வளவு நீளமான பலகை யாரிடம் உள்ளது? அவர்கள் கானுக்கு அப்பால் கல்லடுக்கி மண் நிரப்பி, ஆறு அங்குல உயரத்தில் நாற்காலி நின்று திரும்பக்கூடிய ஒரு மேடை அமைத்தார்கள். இஸ்தோப்பிலிருந்து அந்த மேடைக்கு ஆறடிப் பலகை, மேடையிலிருந்து நிலத்துக்கு ஆறடி மண் சரிவு. கணக்குச் சரி. கானும் அடைபடவில்லை. கலவானவில் கானை அடைத்தால் பக்கத்துக் காம்பராவுக்குள் வெள்ளம் போய்விடும், அயலாரின் பேச்சையும் கேட்க வேண்டும்.

பலகையில் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. இரண்டு பலகைகளை இடைவெளி விட்டுத் தண்டவாளம் போலப் போடக் கூடாது, முன்சில்லுகள் பின்சில்லுகளை விட உட்புறமாக இருப்பதால் இடையில் விழுந்துவிடும். அகலம் முழுவதும் மூடியிருக்க வேண்டும். இரண்டு ஓரத்திலும் இரண்டு அங்குலச் சட்டம் அடித்தால் சில்லு வழுக்கி வெளியே போகாது. மேல் முனையில் இரண்டு கொளுக்கி, இல்லாவிட்டால் பலகை நழுவும். இறப்பர் மரப் பலகை மலிவாகக் கிடைக்கும், ஆனால் பதப்படுத்தாத இறப்பர் மரத்தை மழையும் பூச்சியும் விரைவில் தின்றுவிடும். இவர்கள் பலாமரத்தாலான பழைய கதவு ஒன்றைப் பயன்படுத்தினார்கள். பாசி பிடித்து வழுக்காதிருக்கப் பழைய சைக்கிள் டயரைத் துண்டு துண்டாக வெட்டிக் குறுக்கே ஆணி அடித்திருந்தார்கள்.

அடுத்தது மலசலகூடம். இதுதான் நாம் நெடுநேரம் நின்று பார்த்த இடம். வாசலின் அகலம் இரண்டு அடி, நாற்காலியின் அகலமோ அதைவிட ஓர் அங்குலம் கூட. உள்ளே குந்தும் பீங்கான். சக்கர நாற்காலி உள்ளே போகவே முடியாது. எனவே நாற்காலி போவதற்குப் பதிலாக இருக்கையை வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரு நீளமான மர வாங்கு, உயரம் சக்கர நாற்காலியின் இருக்கைக்குச் சமம். ஒரு முனை வாசலில், மறுமுனை பீங்கானுக்கு மேலே, அந்த முனையில் ஒரு துளை. அக்கா நாற்காலியை வாசலில் நிறுத்தித் தடையைப் போட்டு, கைகளை ஊன்றி உடலைத் தூக்கித் தூக்கி வாங்கில் நகர்ந்து போகிறார். கதவைக் கழற்றி வைத்துவிட்டுத் தடித்த திரை போட்டிருக்கிறது. துளையின் விளிம்பில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறது. வீட்டில் மற்றவர்கள் போகும்போது வாங்கைத் தூக்கி வெளியே சாத்திவிடுகிறார்கள்.

"முதல் நாள் தனியா போயிட்டு வந்தப்போ அழுதுட்டேன்" என்றார் அக்கா. பிறகு சிரித்துக்கொண்டு, "இப்ப வாங்கை எடுத்து வைக்கலன்னு மகளோட சண்டை" என்றார்.

ஓர் எச்சரிக்கை. உணர்வில்லாத இடத்தைப் பலகையில் இழுத்துக்கொண்டு நகரக் கூடாது, தூக்கித்தான் நகர வேண்டும். ஒரு சிறு சிராய்ப்பே படுக்கைப் புண்ணாகிவிடும். அந்தப் புண் எலும்பு வரை போய் உயிரைக் கொண்டுபோன வீடுகளை நாம் அறிவோம். இருக்கும்போதும் பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை கைகளை ஊன்றி உடலை உயர்த்த வேண்டும். இரவில் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். சிவந்த இடம் சிறிது நேரத்தில் மறையாவிட்டால், அது முழுமையாக மறையும் வரை அந்த இடத்தில் பாரம் வைக்கவே கூடாது.

மெத்தை வாங்கப் பணமில்லை என்று வெறும் சீலைமேல் இருப்பவர்கள் பலர். வெறும் இருக்கையை விட சைக்கிள் டியூப் மெத்தை எவ்வளவோ மேல். ஒரு பலகைத் துண்டின் மேல் டியூப்பைப் பக்கம் பக்கமாக மடித்துக் கட்டி, அரைவாசிக்குக் காற்று அடித்து, மேலே பருத்தித் துணி போட வேண்டும். இருந்தபின் உள்ளங்கையை அடியில் விட்டுப் பார்க்கவும். எலும்பு பலகையில் முட்டினால் காற்று போதாது. கல்லுப்போல இறுகியிருந்தால் காற்று அதிகம். தெருவோர சைக்கிள் கடையில் ஒட்டுப்போட முடியாதென்று எறியும் டியூப் இதற்கு உதவாது, காற்று நிற்க வேண்டும். எறியும் டியூப்பை வேறொன்றுக்கு எடுத்துக்கொள்ளலாம். நாடாவாக வெட்டிச் சில்லைத் தள்ளும் வளையத்தில் சுற்றினால் மழையில் கை வழுக்காது.

மழை என்றதும் நினைவுக்கு வருகிறது. கைப்பிடியில் ஒரு சாண் பிளாஸ்டிக் குழாயைக் கட்டி, அதில் குடைக் காம்பைச் செருகியிருந்தார் அக்கா. இரண்டு கையும் சில்லுக்கு வேண்டும், குடையை யார் பிடிப்பது? கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டிய பழைய படங்கு இப்போது மடியை நனையாமல் மூடுகிறது. இதையெல்லாம் எந்த நிபுணரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

உலகத்தில் நல்ல சக்கர நாற்காலிகளும் இப்படித்தான் பிறந்தன. 1966இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்த அமெரிக்கரான ரால்ஃப் ஹொட்ச்கிஸ், ஏழை நாடுகளின் கரடுமுரடான நிலத்துக்கு ஏற்ற நாற்காலிகளை அந்தந்த நாட்டுப் பாவனையாளர்களுடன் சேர்ந்தே வடிவமைத்தார். அவர் பரப்பிய அகலமான இறப்பர் முன்சில்லுக்கு 'சிம்பாப்வே சில்லு' என்று பெயர், அங்குள்ளவர்களின் யோசனை அது. ஆஸ்பத்திரிச் சீமெந்துத் தரைக்குச் செய்த ஒடுங்கிய முன்சில்லு சேற்றில் புதைவதை நீங்களும் கண்டிருப்பீர்கள். நாற்காலி தருகிறோம் என்று யாராவது வந்தால், முதலில் முன்சில்லின் அகலத்தைக் கேளுங்கள். வெட்கப்படத் தேவையில்லை.

அடுப்படியில் அக்காவுக்கு இன்னும் வேலை இருக்கிறது. அடுப்பு தரையில் உள்ளது. இரண்டு பக்கமும் கல்லடுக்கி, மேலே சீமெந்துப் பலகை வைத்து, முழங்கால் உள்ளே போகும்படி இருபத்தெட்டு அங்குல இடைவெளி விட்டு மண் அடுப்பை உயர்த்தலாம் என்று பேசிக்கொண்டோம். அதுவரை கொதிநீரை மடியில் வைத்து எடுத்துப் போக வேண்டாம் என்றோம். தொடையில் சுட்டது தெரியாது, தோல் உரிந்த பிறகுதான் தெரியும்.

எல்லாவற்றையும் நாமே பலகையாலும் டியூபாலும் செய்துகொள்ள வேண்டும், அரசுக்கு வேலை இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. பொதுக் கட்டடங்களில் சரிவுப் பாதையும் பொருத்தமான மலசலகூடமும் வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. மழை நாளொன்றில் காரின்மேல் மரம் விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்த கலாநிதி அஜித் பெரேரா உயர்நீதிமன்றம் வரை போய் 2011 ஏப்ரலில் அதற்கு ஆதரவான கட்டளையும் பெற்றார். அவர் 2020இல் காலமானார். லயத்து வாசல் இந்த விதிகளுக்குள் அகப்படவில்லை என்றாலும், தோட்டத்து மருந்தகமும், பிள்ளை மடுவமும், பிரதேச செயலகமும் மக்கள் வந்துபோகும் இடங்கள்தானே. வீட்டைத் திருத்தவும் உபகரணம் பெறவும் உதவி கேட்டுப் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் எழுத்தில் விண்ணப்பியுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

புறப்படும்போது அக்கா ஒன்றைக் காட்டினார். கதவின் தாழ்ப்பாள் உச்சியில் இருந்தது, அதைக் கழற்றி நிலத்திலிருந்து மூன்றடி உயரத்தில் அடித்திருந்தார்கள். கதவின் உட்புறத்தில் ஒரு கயிற்று வளையம், நாற்காலியில் இருந்தபடியே இழுத்துச் சாத்துவதற்கு. மகள் மலைக்குப் போன பின் அவரே உள்ளே பூட்டிக்கொள்கிறார், வேண்டியவர் வந்தால் அவரே திறக்கிறார். நாம் பலகையில் இறங்கி மேடையைக் கடந்தபோது பின்னால் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.